வேண்டுதலை மீறிவிட்டேன், எடையும் ஏறிவிட்டது. மறுபடி எப்படித் தொடங்குவது?

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக வீட்டில் யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 41. வீட்டிலேயே தறி. காலையில் தார் சுற்ற உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுவேன். இரண்டாவது பிரசவத்தில் ஏறிய எடை இறங்கவே இல்லை. போன தைப்பூசத்தன்று குமரகிரி முருகன் மலைக்குப் படியேறப் போய், பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். என் மாமியாருக்கு 68 வயது. அவர் மேலே போய் தீபாராதனை பார்த்துவிட்டு, எனக்கும் விபூதி வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார். அன்று எடை 84 கிலோ. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.

அந்த வெள்ளிக்கிழமையே கோட்டை மாரியம்மன் சன்னிதியில் நின்று, "எடை 70 ஆகும்வரை இனிப்பைத் தொட மாட்டேன் தாயே, நீதான் துணை" என்று வேண்டிக்கொண்டேன். அப்புறம் ஆறு மாதம் நன்றாகவே போனது. விடிவதற்குள் குமரகிரி ஏரிப் பக்கம் நடை, இரவில் சோற்றுக்குப் பதில் இரண்டு தோசை அல்லது சாமை உப்புமா. டீயில் சர்க்கரை இல்லை. ஆனி கடைசியில் 76.5 கிலோ. பாவாடை நாடாவில் முடிச்சு நாலு விரல் உள்ளே வந்திருந்தது.

ஆடி வந்தது. சேலத்தில் ஆடி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாத்தனார் குடும்பம், சித்தி குடும்பம் என்று வீடு நிறைய ஆட்கள். பொங்கல் வைத்தோம். ஜவ்வரிசிப் பாயசம் நானே கிண்டினேன். ருசி பார்க்க ஒரு கரண்டி எடுத்தேன், அதோடு நிற்கவில்லை. மறுநாள் கறி விருந்து. இரவு குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை (அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலம்) பார்க்கப் போய், பிள்ளைகளோடு தட்டுவடை செட், நொறுக்கல், அதற்கு மேல் ஐஸ்கிரீம். இப்படி நாலு நாள். ஐந்தாம் நாள் எடை பார்த்தால் 78.9.

அன்று முழுக்கத் தண்ணீர் மட்டும் குடித்து எனக்கு நானே தண்டனை கொடுத்தேன். இரவு பதினோரு மணிக்குக் கை நடுங்கியது. அடுப்படியில் நின்றபடியே மிச்சமிருந்த பொங்கலைச் சாப்பிட்டு முடித்தேன். அதற்குப் பிறகு நடையும் போகவில்லை, எடையும் பார்க்கவில்லை. எதை எடுத்தாலும் "இனி என்ன, கெட்டதுதான் கெட்டுப்போச்சு" என்றே மனம் சொல்கிறது.

எடையைவிட என்னை வாட்டுவது இன்னொன்று. அம்மனிடம் சொன்ன சொல்லை அம்மன் திருவிழாவிலேயே மீறியிருக்கிறேன். கடைவீதிக்குப் போனால்கூட கோயில் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறேன். எந்த முகத்தோடு போய் நிற்பது?

மூக்கனேரி நடை

அக்கா, முழுவதும் படித்தேன். நானும் இதே ஆடியில் மூன்று கிலோ ஏற்றிக்கொண்டவள்தான். நீங்கள் தனியாக இல்லை. எடை விஷயம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். இன்று மாலை எங்கேயாவது பத்து நிமிடம் மட்டும் நடந்துவிட்டு வாருங்கள், ஏரி வரை போகவேண்டாம்.

வெள்ளை உடுப்பு

தங்கச்சி, நான் இருபத்தாறு வருடமாகச் செவிலியர் வேலையில் இருக்கிறேன். முதலில் அந்த 78.9ஐப் பார்ப்போம். உன்னை உடைத்துப்போட்டது அந்த எண்தான்.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி தேவைக்கு மேல் சாப்பிட வேண்டும். நாலு நாளில் உனக்கு 2.4 கிலோ கூடியது. அது முழுவதும் கொழுப்பு என்றால் 18,000 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும், அதாவது வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளைக்கு 4,600. கல்யாணப் பந்தியில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் நடக்காத காரியம். அப்படியானால் மீதி என்ன? தண்ணீர். சோறும் சர்க்கரையும் அதிகமானால் உடம்பு அதைக் கிளைக்கோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தட்டுவடை செட்டிலும் கறிக்குழம்பிலும் இருந்த உப்பு தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கும். நாலைந்து நாள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்தால் அதில் பெரும்பகுதி தானாக இறங்கியிருக்கும். நாலு நாள் பாயசம் உன் ஆறு மாத உழைப்பை அழிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மூன்று வாரம்தான் அழிக்கப் பார்க்கிறது.

இன்னொன்றும் கவனி. ஆறு மாதத்தில் 7.5 கிலோ என்றால் வாரத்துக்கு முன்னூறு கிராமுக்குள்தான் வருகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு அரை கிலோ வரை குறைவது பாதுகாப்பு என்கிறார்கள். நீ அதைவிட நிதானமாகப் போயிருக்கிறாய். இப்படிக் குறைந்த எடையைக் காப்பாற்ற முடியும்.

தண்ணீர் மட்டும் குடித்த அந்த ஒரு நாளைப் பற்றி நாளைக்குத் தனியாக எழுதுகிறேன். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு

சகோதரி, நான் சொல்வது கசப்பாக இருக்கலாம். எல்லோரும் "பரவாயில்லை, உங்களை நீங்களே மன்னியுங்கள்" என்று சொல்லப்போகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெள்ளிப் பட்டறையில் ஒரு கொலுசில் பற்றவைத்த இடம் விட்டுப்போனால் பரவாயில்லை என்று விட முடியாது, கண்டித்தால்தான் பையனுக்குக் கை திருந்தும். மனதும் அப்படித்தான். இன்று மன்னித்தால் நாளை தீபாவளிக்கு மன்னிக்கும், அப்புறம் பொங்கலுக்கு மன்னிக்கும். பிறகு 84க்கே போய் நிற்போம்.

எடப்பாடி காவடி

அண்ணா சொல்வதற்கு என் அனுபவத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து வருஷா வருஷம் பழனிக்குக் காவடியோடு நடந்து போவோம். ஐந்து வருடமாக நானும் போகிறேன். முதல் வருடம் மூன்றாம் நாள் இரண்டு பாதத்திலும் கொப்புளம். காலை ஊன்ற முடியவில்லை. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டேன், அதனால்தான் முருகன் நிறுத்திவிட்டான் என்றுதான் நினைத்தேன். கூட வந்த பெரியவர் ஒருவர் கொப்புளத்துக்கு மஞ்சளும் எண்ணெயும் போட்டுத் துணி சுற்றிவிட்டு ஒன்று கேட்டார்: "தம்பி, இப்போ நீ எந்த ஊர்ல உட்கார்ந்திருக்கே? எடப்பாடியிலயா?" இல்லை என்றேன். "அப்போ நடந்த தூரம் நடந்ததுதானே. எழுந்தா இங்கேருந்துதான் நடப்பே" என்றார்.

யாத்திரையில் விழுந்தவனைத் திட்டுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. திட்டினால் அவன் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவான். தண்ணீர் கொடுப்போம், காவடியைக் கொஞ்ச தூரம் வாங்கிச் சுமப்போம், அரோகரா சொல்லி எழுப்புவோம். ஆனால் நடப்பது அவன்தான். அந்தப் பங்கை யாரும் குறைப்பதில்லை. மன்னிப்பு என்றால் நான் புரிந்துகொண்டது இதைத்தான் அண்ணா. அக்கா, நீங்கள் இப்போது 84இல் உட்கார்ந்திருக்கவில்லை.

தறிச்சத்தம்

தம்பி, இதைப் படித்துவிட்டுத் தறியை நிறுத்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். நன்றி. செவ்வாய்ப்பேட்டை அண்ணன் மேலும் எனக்குக் கோபம் இல்லை. என் மனதும் மூன்று வாரமாக அவர் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அப்படிச் சொல்லச் சொல்லத்தான் அதிகமாகச் சாப்பிட்டேன். அதுதான் எனக்குப் புரியவில்லை.

வெள்ளை உடுப்பு

புரியாததற்குக் காரணம் இருக்கிறது, தங்கச்சி. 2007இல் அமெரிக்காவில் ஆடம்ஸ், லியரி என்று இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முதலில் டோநட் சாப்பிடக் கொடுத்தார்கள். அது எண்ணெயில் பொரித்து இனிப்புத் தடவிய பண்டம். பிறகு அதைச் சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், "இதை எல்லோரும் சில நேரம் சாப்பிடுவதுதான், உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்" என்று சொன்னார்கள். அதன்பின் மிட்டாய்களை வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். வழக்கமாகச் சாப்பாட்டில் கட்டுப்பாடு வைத்திருக்கும் பெண்களில், அந்த இதமான வார்த்தையைக் கேட்காதவர்கள்தான் அதிக மிட்டாய் சாப்பிட்டார்கள். கேட்டவர்கள் அளவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

குற்ற உணர்ச்சி ஒரு வலி. அந்த வலி தீர மனம் ஆறுதல் தேடும். உனக்குத் தெரிந்த ஆறுதல் பாயசம். பட்டினி கிடந்த இரவில் இன்னும் மோசம். சர்க்கரை இறங்கி உடம்பும் கேட்டது, மனமும் கேட்டது, இரண்டும் சேர்ந்தால் யாராலும் நிற்க முடியாது. அதனால் உன்னைப் பலவீனமானவள் என்று நினைக்காதே.

தவறின அடுத்த வேளைக்கு ஒரு வழி சொல்கிறேன். பட்டினி வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடும் தட்டையே எடு. பாதித் தட்டுக்குக் காய், ஒரு கரண்டி பருப்போ ஒரு முட்டையோ, மிச்ச இடத்தில் சோறு. அவ்வளவுதான். தண்டனையாகக் குறைக்கவும் வேண்டாம், "இன்றைக்கு ஒரு நாள்" என்று கூட்டவும் வேண்டாம்.

கிச்சிப்பாளையம் தோழி

அக்கா, நான் இஸ்லாமியப் பெண். எங்கள் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ரமலானில் நோயாலோ பயணத்தாலோ நோன்பு விட்டுப்போனால், பிறகு வேறொரு நாளில் அதைக் களா செய்வோம், அதாவது விட்டதற்கு ஈடாக நோற்போம். போன வருடம் காய்ச்சலில் ஆறு நோன்பு விட்டுப்போய் நான் அழுதபோது என் உம்மா, "உடம்பு முடியாது என்று அல்லாஹ்வுக்கு உனக்கு முன்பே தெரியும், அதனால்தான் வழியும் சேர்த்து வைத்திருக்கிறான்" என்றார். ஒன்று விட்டால் முப்பதும் போச்சு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் நாலு நாளையும் அப்படிக் களா பாக்கியாகக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினெட்டாவது வளைவு (ஏற்காடு)

மலையிலிருந்து ஒரு குரல். காபித் தோட்டத்தில் வேலை, கிறிஸ்தவக் குடும்பம். எனக்கு 96 கிலோவில் தொடங்கி இப்போது 81. மூன்று வருடம் ஆனது. அதில் ஐந்து முறை விழுந்திருக்கிறேன். இரண்டு முறை கிறிஸ்துமஸ், ஒரு முறை அம்மா இறந்தபோது, மற்றவை காரணமே இல்லாமல்.

எங்கள் சபையில் பாவசங்கீர்த்தனம் உண்டு, பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. தவக்காலத்தில் நான் போய் உட்கார்ந்து, "சாமி, பெருந்தீனி என்கிற பாவத்தை மறுபடி செய்தேன்" என்று சொன்னேன். நீளமாகத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாப்பிடுவதற்கு முன்னால் என்ன நடந்தது?" யோசித்தால், ஒவ்வொரு முறையும் யாரோ என்னைப் புண்படுத்தியிருந்தார்கள், அல்லது நான் ரொம்பக் களைத்திருந்தேன். பசியே இல்லை. அவர் கொடுத்த பரிகாரமும் சிறியது. ஒரு செபம், அப்புறம் அன்று இரவு நேரத்தோடு தூங்க வேண்டும். அன்றிலிருந்து தவறினால் ஒரே ஒரு முறை சொல்லி மன்னிப்புக் கேட்பேன், அதோடு முடித்துக்கொள்வேன். அதையே பத்து முறை கேட்டுக்கொண்டிருந்தால் மன்னிப்புக் கிடைத்ததை நான் நம்பவில்லை என்றுதானே ஆகிறது.

சேலத்திலிருந்து மேலே வரும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. முதல்முறை வருகிறவர்கள் பஸ்ஸில் பயந்துபோவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி வந்த திசைக்கே திரும்பிவிட்டது போலத் தோன்றும். ஜன்னலில் மறுபடி சேலம்தான் தெரியும். ஆனால் முன்பைவிடக் கீழே தெரியும். தினமும் அந்த ரோட்டைப் பார்க்கிறவள் நான். என் எடை நோட்டிலும் மூன்று வருடக் கோடு அப்படித்தான் வளைந்து வளைந்து போகிறது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் எழுதியது கொஞ்சம் கடுமைதான், சகோதரி, மன்னிக்கவும். நான் ஏன் அப்படி எழுதினேன் என்றும் யோசித்தேன். எங்கள் அப்பா சர்க்கரை நோயில் கால்விரலை இழந்தார். "அடுத்த மாசத்துலேருந்து கட்டுப்பாடா இருக்கேன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைத் திட்டாமல் விட்டதுதான் எங்கள் தப்பு என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உண்மையில் நாங்கள் தினமும் திட்டினோம். அவர் எங்களுக்குத் தெரியாமல் கடையில் போய்ச் சாப்பிட்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மன்னித்துக்கொண்டால் அடுத்த காலை எழுந்து நடக்க வேண்டும். அதைச் செய்யாமல் வெறுமனே மன்னித்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன்.

எடப்பாடி காவடி

அண்ணா, அதில் நமக்குள் சண்டையே இல்லை. அரோகரா!

பூசாரி வீட்டு மருமகள்

அம்மா தறிச்சத்தம், எனக்கு 63 வயது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மாரியம்மனுக்குப் பூசை. நடக்க வேண்டிய வழி எல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வேண்டுதலைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

முதலில், நீ பயப்படுகிற மாதிரி அவள் தண்டிக்கிறவள் இல்லை. ஆடியில் அவளுக்கு நாம் ஊற்றுவது என்ன? கூழ். வெயிலில் வந்தவன், பசித்தவன், யார் எவர் என்று பார்க்காமல் எல்லோர் வயிறும் குளிர ஊற்றுகிறோம். வயிற்றைப் பார்த்து இரங்குகிற தாயிடம் "நான் சாப்பிட்டுவிட்டேன்" என்று சொல்ல இவ்வளவு தயக்கமா? வேண்டுதல் தவறியவர்கள் எத்தனையோ பேர் எங்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். சொன்ன தேதியில் தீமிதிக்க முடியாதவர்கள், முடி இறக்க மறந்தவர்கள். நாங்கள் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: வந்து நேரில் சொல்லு, ஒரு எலுமிச்சம்பழமோ ஒரு முழம் பூவோ வை, விட்டதை உன்னால் முடிந்த வடிவில் செய்.

இரண்டாவது, நீ வேண்டிக்கொண்ட விதத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. "70 கிலோ ஆகும்வரை" என்றாய். எடை உன் கையில் இல்லையம்மா. மாதவிலக்குக்கு முன்னால் ஏறும், மழைநாளில் தறியை விட்டு எழாமல் இருந்தால் இறங்காது. உன் கையில் இல்லாததை வாக்காகக் கொடுத்தால் என்றைக்காவது பொய்யாகத்தான் போகும். நேர்த்திக்கடன் என்றால் என்ன? 108 சுற்று சுற்றுகிறேன், மூன்று வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறேன். எல்லாமே நம் காலும் கையும் செய்கிற காரியம். அதே போல மாற்றி வேண்டிக்கொள். "தினமும் விடியலில் நடக்கிறேன் தாயே, ஒரு நாள் விட்டால் மறுநாள் கட்டாயம் போகிறேன்" என்று சொல். அந்த "விட்டால்" என்கிற வார்த்தையையும் சேர்த்தே சொல். அவளுக்குத் தெரியாததா?

பிரசாதமாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் ஒரு வாய் எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சாப்பிடு. மிச்சத்தைப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குக் கொடு. இனிப்பே கூடாது என்று சபதம் எடுத்து, பிரசாதத்தைப் பார்த்தும் பயப்பட ஆரம்பித்தால் பக்தியும் போய்விடும்.

வெள்ளை உடுப்பு

அம்மா சொன்னதற்குக் கீழே என் வேலை சம்பந்தமாக ஒன்று. இந்த இழையைப் படிக்கிற யாரும் எடைக்காக விரதம் இருக்கத் தொடங்கினால், முக்கியமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையையும் விட வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்களுக்கும் இதேதான். தங்கச்சி, உனக்கு எடை இறங்கவே மாட்டேன் என்றால் ஒரு முறை தைராய்டு பரிசோதனையும் செய்துகொள். எடையை வாரம் ஒரு நாள் மட்டும் பார். காலையில், கழிப்பறை போய்விட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால். அதோடு இடுப்பளவை இஞ்சுடேப்பில் எடு. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. இன்றே அங்கே போய் நிற்க வேண்டியதில்லை, இப்போது எங்கே இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

மூக்கனேரி நடை

அந்தப் பத்து நிமிடம் நடந்தீர்களா அக்கா? நான் நேற்று நடந்தேன். ஏரி நடுத்திட்டில் கொக்குகள் வந்து நிறைய உட்கார்ந்திருக்கின்றன.

தறிச்சத்தம்

நடந்தேன் தங்கச்சி. பத்து நிமிடம் என்று கிளம்பி, அரை மணி நேரம் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கோட்டைக்குப் போனேன். சன்னிதிக்கு வரும்வரை கால் நடுங்கியது. முன்னால் நின்றதும் நினைத்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "வந்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் புதிய வேண்டுதலைச் சொன்னேன், "விட்டால் மறுநாள்" என்பதையும் சேர்த்து. அன்று பிரசாதம் எலுமிச்சம்பழம்தான். வீட்டுக்கு வந்து மோரில் பிழிந்து, உப்புப் போட்டுக் குடித்தோம், மாமியாரும் நானும். அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எதுவும் பேசாமல், மறுநாள் விடியலில் எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

எடை பார்த்தேன். 78.2. பயந்ததுபோல் ஒன்றுமில்லை. இடுப்பளவு 97. நோட்டில் எழுதியிருக்கிறேன்.

நேற்று சின்ன மகளுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டினாள், முதல் துண்டை எனக்குத்தான் ஊட்டினாள். சாப்பிட்டேன். சின்னத் துண்டு இன்னொன்றும் எடுத்தேன். இரவில் பழையபடி ஒரு பயம் எட்டிப் பார்த்தது. சாமி படத்தின் முன் ஒரு நிமிடம் நின்று, ஒரு முறை மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தேன். காலை ஐந்தே முக்காலுக்கு ஏரிக்கரையில் இருந்தோம்.

பதினெட்டாவது வளைவு (ஏற்காடு)

அடுத்த ஞாயிறு சேலத்தில் தங்கை வீட்டில் இருப்பேன். நானும் உங்களோடு நடக்க வரலாமா?

தறிச்சத்தம்

வாங்க அக்கா. குமரகிரி அடிவாரத்தில் காத்திருக்கிறோம். ஏரி வேண்டாம், அன்றைக்குப் படியேறுவோம். நடுவில் உட்கார வேண்டியிருந்தால் உட்கார்ந்துவிட்டே ஏறலாம்.